உருப்படி எத்தனை?

மூன்றடுக்கு ஏசி பெட்டியில் போகிறவர் 40 கிலோ வரை சாமான் இலவசமாகக் கொண்டு போகலாம் என்பது ரயில்வே விதி. ஸ்லீப்பரிலும் அதே 40. இரண்டடுக்கு ஏசிக்கு 50, முதல் வகுப்பு ஏசிக்கு 70. ஐந்திலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இதில் பாதி. கோடை லீவுக்கு மாமனார் ஊரான கோவில்பட்டிக்குக் கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் இதை நான் படித்துத் தொலைத்தேன். எனக்கு 40, மனைவிக்கு 40, ஐந்து முடிந்த மகளுக்கு 20. ஆக, நூறு கிலோ. மடியில் உட்கார்ந்து வருகிற சின்னவனுக்கு டிக்கெட்டும் இல்லை, கிலோவும் இல்லை. ஆனால் எங்கள் நால்வரில் அதிகச் சாமான் அவனுக்குத்தான் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

புத்தியுள்ளவன் இந்த நூறு கிலோவை எல்லை என்று எடுத்துக்கொள்வான். நான் இலக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

பெட்டி அடுக்குவதில் கெட்டிக்காரன் என்கிற நினைப்பு எனக்கு நெடுநாளாக உண்டு. சமைக்க வராது, ஆணி அடித்தால் சுவர் பெயரும், மார்க்கெட்டுக்கு அனுப்பினால் முற்றின வெண்டைக்காயோடு வருவேன். கல்யாணமான புதிதில் ஒருநாள் மனைவி என் பெட்டியைத் திறந்து பார்த்து, “பரவாயில்லையே, அழகா அடுக்கியிருக்கீங்களே” என்று சொல்லிவிட்டாள். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. அதை நான் நியமன உத்தரவாக எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த இலாகா என்னுடையது. அதற்கென்று ஓர் எக்செல் ஷீட் வைத்திருக்கிறேன். பொருள், எண்ணிக்கை, எந்தப் பை, வைத்தாயிற்றா என்று நாலு பத்தி. வைத்தாயிற்று என்றால் கட்டம் பச்சையாகும். எல்லாம் பச்சையான ராத்திரியில் எனக்கு ஒரு தூக்கம் வரும் பாருங்கள், அப்படித் தூங்குவதற்காகவே ஊருக்குப் போகலாம்.

உண்மையைச் சொன்னால், தேவையை வைத்து நான் பட்டியல் போடுவதில்லை. யார் கேட்பார்கள் என்பதை வைத்துத்தான் போடுகிறேன். “அதை எடுத்து வைக்கலையா?” என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்கிற பயம்தான் என் பெட்டியில் பாதி எடை. தெர்மாமீட்டருக்குப் பின்னால் என் அக்கா இருக்கிறாள். மூடி போட்ட சிப்பருக்கும் அதற்கு ஒரு மாற்று சிப்பருக்கும் பின்னால் எதிர் ஃபிளாட்டுக்காரர்கள். கலர் பென்சில், படக்கதைப் புத்தகம், மரக்கட்டை விளையாட்டு இவற்றுக்குப் பின்னால் நானே இருக்கிறேன். பிள்ளை கையில் செல்போனைக் கொடுக்காத ஒரு தகப்பன் எனக்குள் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் பிறப்பான். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் செத்துப்போவான்.

மங்கி குல்லாவுக்குப் பின்னால் என் அம்மா.

“குல்லா எடுத்து வச்சியாடா?”

“அம்மா, கோவில்பட்டிக்குப் போறோம். கத்திரி வெயில்.”

“எதுல போறீங்க?”

“நெல்லை எக்ஸ்பிரஸ்ல.”

“ஏசியா?”

“ஆமா.”

அம்மா அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. நான் போய்க் குல்லா இரண்டு, ஸ்வெட்டர் இரண்டு எடுத்து வைத்துக் கட்டத்தைப் பச்சையாக்கினேன்.

டயபர் கணக்கு தனி. ஒரு நாளைக்கு இத்தனை, தங்கும் நாள் இத்தனை, வயிற்றுப்போக்கு வந்தால் இரட்டிப்பு, ரயில் தாமதமானால் அதற்கொரு கை, கோவில்பட்டியில் கடையடைப்பு என்றால் அதற்கும். டயபருக்கு எடை கிடையாது, இடம்தான் கேட்கும். அதற்கென்றே ஒரு முழுப் பை போயிற்று. “அங்க கடையே கிடையாதா?” என்றாள் மனைவி. “அந்த பிராண்டு இருக்குமோ என்னமோ” என்றேன். அவள் பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி அவளுக்கே நான் சந்தேகம் சொன்னதை அவள் இன்னும் மறக்கவில்லை.

மருந்து டப்பாவும் அப்படித்தான். பாராசிட்டமால் சிரப் இரண்டு வலிமையில் வருகிறது: 5 மில்லியில் 120 மில்லிகிராம் ஒன்று, 250 மில்லிகிராம் ஒன்று. இரண்டையும் எடுத்து வைத்தேன். சின்னவன் எடைக்கு எதில் எவ்வளவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் பத்திரமாக ஒட்டியிருந்தது. அங்கேயேதான் இருந்தது, நாங்கள் திரும்பி வரும்வரை.

இவ்வளவையும் அடக்க எனக்கு ஒரு வழி தெரிந்தது. வேக்யூம் பை. கெட்டி பிளாஸ்டிக்கில், ஒரு மூலையில் வால்வு வைத்து வரும். துணியை உள்ளே போட்டு, வாயை ஜிப் மாதிரி அமுக்கி மூடி, வால்வில் வேக்யூம் க்ளீனர் குழாயை வைத்தால் உள்ளே உள்ள காற்றெல்லாம் வெளியே வந்துவிடும். வெளிக்காற்று சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ வீதம் அமுக்குகிறது அல்லவா, அந்த அமுக்கலில் துணி மொத்தமும் பலகையாக ஆகிவிடும். முதல் பையை நான் உறிஞ்சியபோது குடும்பமே சுற்றி நின்று பார்த்தது. ஸ்வெட்டர், துண்டு, ஃபிராக், சின்னவனின் ஜட்டி எல்லாம் கண் முன்னால் சுருங்கிச் சுருங்கித் தட்டையானது. மகள் கைதட்டினாள். எனக்கு வந்த கர்வம் கொஞ்சமில்லை. பீரோவில் இருந்த பாதித் துணியை அப்படியே உறிஞ்சிவிட்டேன். உறிஞ்சினால் இடம்தான் குறையும், எடை குறையாது என்பது எட்டாம் வகுப்புப் பாடம். சூட்கேஸைத் தூக்கிப் பார்க்கிற வரைக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. தூக்கிப் பார்த்த பிறகு, சக்கரம் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இந்தச் சக்கரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனிதன் நிலவில் கால் வைத்தது 1969-இல். பெட்டிக்குச் சக்கரம் வைக்கும் யோசனைக்கு அமெரிக்காவில் பெர்னார்ட் சாடோ காப்புரிமை வாங்கியது 1972-இல். அதுவும் நாய்க்குட்டியை இழுத்துப் போகிற மாதிரி வார் கட்டி இழுப்பது. இன்று நாம் செங்குத்தாக நிறுத்தி, கைப்பிடியை நீட்டி இழுக்கிறோமே, அதை 1987-இல் செய்தவர் ராபர்ட் பிளாத் என்கிற விமானி. விமானி செய்தது என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். அவர் போகிற வழியெல்லாம் வழவழப்பான தரை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழும்பூரில் நடைமேம்பாலம் ஏறி இறங்குவதும், ரயில் பெட்டியின் செங்குத்துப் படியில் சாமானை ஏற்றுவதும் அவர் வாழ்க்கையில் வந்திருக்காது.

எழும்பூரில் போர்ட்டர் எங்களைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

“எத்தனை உருப்படி சார்?”

“பத்து.”

“ஊருக்குப் போறீங்களா, வீடு மாத்துறீங்களா?”

பேரம் பேசத் தெம்பில்லாமல் கேட்டதைக் கொடுத்தேன். பெரிய சூட்கேஸ் இருக்கைக்கு அடியில் போகவில்லை. படுக்க வைத்துத் தள்ளினால் பாதி வெளியே நின்றது. நிறுத்தி வைத்தாலோ, வண்டி வேகம் எடுக்கும்போது ஒரு பக்கமும் பிரேக் போடும்போது மறுபக்கமுமாக அதுவே உலாத்த ஆரம்பித்தது. செயின் போட்டு இருக்கைக்கடி வளையத்தில் பூட்டினேன். எதிர் சீட்டில் ஒரு பெரியவர், மடியில் ஒரு மஞ்சப்பையோடு உட்கார்ந்திருந்தார். நான் இரண்டாவது பூட்டு போடும்வரை பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “உள்ள என்ன தம்பி, சீட்டுக் கம்பெனிப் பணமா?”

சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஏனென்றால் அது மனைவியின் இலாகா. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவின இட்லி, பால் விட்டுப் பிசைந்து ஒரு கரண்டி மோர் ஊற்றின தயிர்சாதம். சாப்பிடும் நேரத்துக்கு அது சரியாகத் தோய்ந்திருந்தது. பெரியவருக்கும் நாலு இட்லி கொடுத்தோம். இதற்கு எக்செல் ஷீட் எதுவும் போட்டதாகத் தெரியவில்லை.

விளக்கணைத்த பிறகுதான் ஆரம்பித்தது. “அப்பா, தாச்சித் துணி.”

மகளுக்கு ஒரு துணி உண்டு. அவள் அம்மாவின் பழைய காட்டன் புடவையிலிருந்து கிழித்த ஒரு முழம். அதை மூக்கில் வைத்துக்கொண்டால்தான் கண் மூடும். பிரிட்டனில் டொனால்ட் வின்னிகாட் என்று ஒரு குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளர், இந்த மாதிரித் துணிகளையும் பொம்மைகளையும் பற்றி 1950-களிலேயே எழுதியிருக்கிறார். அம்மாவுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் பிள்ளை பிடித்துக்கொள்கிற பொருள் அது. நாறினாலும் அதைத் துவைக்கக்கூடப் பெற்றோர் யோசிப்பார்கள், வாசனை போனால் பிள்ளைக்கு அது வேறு துணி என்கிறார். நான் இதையெல்லாம் படித்தவன். மறக்கவே கூடாது என்று அந்தத் துணியைத்தான் முதன்முதலில் எடுத்து வைத்தேன். முதல் கட்டம் பச்சை. முதன்முதலில் வைத்ததால் அது முதல் வேக்யூம் பையில் இருந்தது. முதல் வேக்யூம் பை பெரிய சூட்கேஸின் அடியில் இருந்தது. பெரிய சூட்கேஸ் இரண்டு பூட்டோடு வளையத்தில் இருந்தது.

செல்போன் வெளிச்சத்தில் பூட்டுகளைத் திறந்து, சூட்கேஸை இரண்டு இருக்கைக்கு நடுவில் இழுத்துப் போட்டேன். விரித்துத் திறக்க அங்கே இடமில்லை. மூடியைப் பெரியவரின் செருப்பு மேல் சாய்த்தேன். மேலே இருந்ததையெல்லாம் எடுத்து மனைவியின் கால்மாட்டில் அடுக்கி, அடியிலிருந்து பையை உருவினேன். ஒரு ஓரத்தை மட்டும் லேசாகத் திறந்து துணியை எடுத்துக்கொண்டு மூடிவிடலாம் என்பது திட்டம். நகத்தால் நெம்பினேன்.

‘உஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். பெட்டி முழுவதும் கேட்டிருக்கும். மேல் பெர்த்தில் யாரோ “கேஸ் லீக்கா?” என்றார். என் கையில் இருந்த பலகை மூச்சு விட்டு எழுந்தது. மெதுவாகத்தான் எழுந்தது, நிறுத்த வழியில்லை. அமுக்கிப் பார்த்தேன், முழங்காலை வைத்துப் பார்த்தேன். ஸ்வெட்டர் கையை நீட்டியது. ஃபிராக் ஒவ்வொன்றாக விரிந்தது. பலகை தலையணையாகி, தலையணை மெத்தையாகி, கடைசியில் அந்த மெத்தைக்குள் கையை விட்டுத் தாச்சித் துணியைக் கண்டுபிடித்து மகளிடம் கொடுத்தேன். அவள் மூக்கில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

“இது அம்மா வாசனை இல்ல. பிளாஸ்டிக் வாசனை.”

தூக்கி எறிந்துவிட்டு, அம்மாவின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு உடனே தூங்கிப்போனாள். காற்றோடு சேர்த்து வாசனையையும் உறிஞ்சிவிட்டேன் போலிருக்கிறது. வின்னிகாட் காலத்தில் வேக்யூம் பை கிடையாது, எச்சரிக்காமல் போனதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

சூட்கேஸ் பிறகு மூடவேயில்லை. நான் மேலே உட்கார்ந்தேன். பெரியவரும் எழுந்து வந்து ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். இழுத்த இழுப்பில் ஜிப்பின் தலை கையோடு வந்துவிட்டது. ஏசியில் கம்பளி, பெட்ஷீட் எல்லாம் கொடுப்பார்கள் என்று தெரிந்தும் வீட்டிலிருந்து ஒரு பெட்ஷீட் எடுத்து வந்திருந்தேன். அதை விரித்து, பிதுங்கின துணியை எல்லாம் அள்ளிப் போட்டு, நாலு மூலையையும் முடிந்தேன். நான் எடுத்து வைத்ததில் உருப்படியாகப் பயன்பட்டது அந்த பெட்ஷீட் ஒன்றுதான். நடுராத்திரி ஏசி குளிரில் சின்னவன் இருமினான். மூட்டைக்குள் கையை விட்டதும் கைக்கு அகப்பட்டது மங்கி குல்லா. மாட்டிவிட்டேன். இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்வதாகவும் இல்லை.

இருமலுக்கு வெந்நீர் கொடுக்கலாம் என்று ஃபிளாஸ்க்கை எடுத்தால் சிப்பர் இரண்டும் இருக்கிறது, மூடி இரண்டும் இல்லை. பையின் அடியில் கிடந்தன, விடிந்த பிறகு கண்டுபிடித்தேன். இதற்கு விஞ்ஞானத்தில் ஒரு பெயர் இருக்கிறது: பிரேசில் நட் விளைவு. பெரிதும் சிறிதுமாகக் கலந்த எதையும் குலுக்கினால், சின்னது இடுக்கு வழியாகக் கீழே கீழே இறங்கிவிடும், பெரியது மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். மிக்சர் பாக்கெட்டில் கடலை மேலேயும் ஓமப்பொடித் தூள் அடியிலும் கிடப்பது இதனால்தான். பிரேசில் கொட்டைகள் ஏன் மேலே வருகின்றன என்று கேட்டு இயற்பியல் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்தது 1987-இல். பெட்டிக்கு ஒழுங்கான சக்கரம் கிடைத்த அதே வருஷம். சென்னையிலிருந்து கிளம்பும் ரயில் ராத்திரி முழுக்க எங்கள் பைகளைக் குலுக்கிக்கொண்டே போகிறது. மூடி, சாக்ஸ், கிரைப் வாட்டரின் அளவுக் குப்பி, குல்லாவின் குஞ்சம் எல்லாம் விருதுநகர் போவதற்குள் அடியில் சேர்ந்துவிடும். டயபர் மூட்டை மட்டும் எப்போதும் மேலேயே இருக்கும்.

விடிகிற நேரம் கோவில்பட்டி. வண்டி நிற்பது ஒன்றிரண்டு நிமிடம். ஆடு, புலி, புல்லுக்கட்டை ஒரே படகில் அக்கரை சேர்க்கும் விடுகதை இருக்கிறதே, அது அன்றைக்கு என் தலையில் விடிந்தது. பிள்ளைகளை முதலில் இறக்கினால் பிளாட்பாரத்தில் யார் பார்ப்பது? மனைவியையும் இறக்கிவிட்டால் சாமானை யார் எடுத்துக் கொடுப்பது? சாமானை முதலில் இறக்கினால் பிள்ளைகள் வண்டியோடு போய்விட்டால்? கதவடியில் நின்று இதை நான் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே பெரியவர் சின்னவனைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். கீழே நின்ற மாமனார் ஜன்னல் பக்கத்திலிருந்து “ஒவ்வொண்ணா வீசுங்க மாப்ள” என்றார். வீசினோம். கடைசியில் பெட்ஷீட் மூட்டையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நான் இறங்கவும் வண்டி நகரவும் சரியாக இருந்தது.

வாசலில் மாமியார் மூட்டையைப் பார்த்தார், ஜிப் இல்லாத சூட்கேஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வாங்க மாப்ள, நல்லாருக்கீகளா?” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அந்தப் பண்பாட்டுக்கு இன்னும் நான் கடன்பட்டிருக்கிறேன். அன்று காலையில்தான் தெரிந்தது, எக்செல் ஷீட்டில் நாலு பேரில் மூன்று பேருக்குத்தான் துணி இருந்தது. எனக்கென்று ஒரு வரிசை போட மறந்துவிட்டேன். ஊரில் இருந்தவரை மாமனாரின் வேட்டியும் அவர் கைவைத்த பனியனும்தான். “மாப்ள நம்ம ஊர்க்காரரு மாதிரி ஆயிட்டாரு” என்று தெருவில் பேசிக்கொண்டார்களாம்.

வந்த அரைமணி நேரத்தில் சின்னவனின் டயபர் போயிற்று. “ஏட்டி, இந்த வெயில்ல புள்ளைக்கு என்னத்துக்கு இந்தக் கண்றாவி?” என்று தன் மகளை ஒரு அதட்டுப் போட்டுவிட்டு, மாமியார் அவனை அரைஞாண்கயிறோடு முற்றத்தில் விட்டார். அவன் திரும்பி வருகிறவரை அப்படியேதான் திரிந்தான். வேர்க்குரு வரவில்லை, வயிற்றுப்போக்கு வரவில்லை. தெருமுனையில் மெடிக்கல் இருந்தது. என் டப்பாவில் உள்ள இரண்டு வலிமை பாராசிட்டமாலும், நான் எடுத்துப்போன டயபர் பிராண்டும் அங்கே கண்ணாடி அலமாரியிலேயே தெரிந்தன. மனைவி அந்தக் கடை வழியாகப் போகும்போதெல்லாம் நடையைக் கொஞ்சம் மெதுவாக்குவாள்.

திரும்புகிற நாள் வந்தது. வேக்யூம் பைகள் இருந்தன, வேக்யூம் க்ளீனர் சென்னையில் இருந்தது. போகும்போது உறிஞ்சினால் வரும்போதும் உறிஞ்ச வேண்டுமே என்று எனக்குத் தோன்றவேயில்லை. மாமனார் நிலைமையைக் கேட்டுவிட்டு, “காத்துதான வேணும்?” என்று சைக்கிள் பம்பை எடுத்து வந்தார். “வேணாம் மாமா, காத்து வெளிய போகணும்” என்றேன். அவர் பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பையன்கள் நாலு பேரைக் கூட்டி வந்து பை மேல் உட்கார வைத்தார். உட்கார்ந்தவரை தட்டையாக இருந்தது. எழுந்ததும் பழையபடி. ஒருவன் வால்வில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தான். “பவுடர் வாசனை அடிக்குதுண்ணே” என்றான்.

மாமியார் அடுப்படியிலிருந்து வந்தார். இரண்டு கட்டைப்பைகளை உதறினார். கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்த கடையில் கொடுத்தவை. மரக்கட்டைப் பிடி, அடியில் அட்டை, பக்கத்தில் பெரிய எழுத்தில் கடை பெயர். அடியில் உளுந்தும் கருப்பட்டிக் கொட்டானும். ஓரம் முழுக்கத் துவைத்து மடித்த துணி. நடுவில் மோர்மிளகாய், கூழ்வடகம், நொறுங்குகிற சாமானெல்லாம். அதற்கு மேல் காராச்சேவு. எல்லாவற்றுக்கும் மேலே கடலைமிட்டாய். கரிசல்மண்ணுக் கடலையும் வெல்லமும் சேர்ந்து 2020-இல் புவிசார் குறியீடு வாங்கின கடலைமிட்டாய். அதற்குத் தனி மரியாதை. பழைய சேலைக் கரையைக் கிழித்து இரண்டு பிடியையும் சேர்த்து ஒரு கட்டு. தூக்கிப் பார்த்தார், சாயவில்லை. நான் என் முதல் பையின் ஜிப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் இவ்வளவும் முடிந்துவிட்டது.

கட்டைப்பையின் அருமை எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூடி கிடையாது, பூட்டு கிடையாது, அறை அறையாகத் தடுப்பு கிடையாது. எட்டிப் பார்த்தால் என்ன இருக்கிறது என்று தெரியும். கையை விட்டால் எடுக்கலாம். யாரும் திருட மாட்டார்கள். திருடனுக்கும் அவன் மாமியார் வீட்டில் ஒரு கட்டைப்பை உண்டு. ஆனாலும் சாமான் மிச்சம் இருந்தது. இடம் போதவில்லை.

“அந்த டயபர எடுத்து வெளிய வைங்க மாப்ள. இதென்ன, பட்டணத்துல கெடைக்காத சாமானா?”

நான் கொஞ்சம் எதிர்த்துப் பார்த்தேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கட்டுப் பிரிக்காத டயபர் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. அங்கே கைக்குழந்தை இருந்தது. அந்த இடத்தில் சுக்கு மிட்டாயும் இரண்டாவது தவணைக் காராச்சேவும் ஏறின. ராத்திரி ரயிலுக்கென்று ஒன்றிரண்டு டயபர் மட்டும் மனைவி தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் பயணம் அமைதியாக இருந்தது. கட்டைப்பைகளைப் பூட்டத் தேவையில்லை. தாம்பரத்தில் யார் யாரோ இறங்கினார்கள். நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். எழும்பூரில் இறங்கியதும் பிளாட்பாரத்தில் நின்று எண்ணினேன். பத்து. மனைவியையும் எண்ணச் சொன்னேன். பத்து. போகும்போது பத்து, வரும்போதும் பத்து, ஒன்றும் தொலையவில்லை என்று ஆட்டோவில் வரும்போது கொஞ்சம் பெருமையாகக்கூடப் பேசினேன்.

வீட்டில் வந்து சேலைக் கட்டைத் தேடினால் ஒரு கட்டைப்பையில் கட்டு இல்லை. கடை அதே கடை, எழுத்து அதே எழுத்து, கனம்கூட ஏறக்குறைய அதேதான். உள்ளே எட்டிப் பார்த்தேன். கடலைமிட்டாய் இல்லை. மேலே ஒரு மங்கி குல்லா இருந்தது. அதற்கடியில் தெர்மாமீட்டர், மாற்று சிப்பர், பிரித்த டயபர் பாக்கெட் ஒன்று. ஓரத்தில் ஒரு காகிதம், லேமினேட் செய்தது. பொருள், எண்ணிக்கை, எந்தப் பை என்று பத்தி பிரித்து, அடியில் ‘பை தொலைந்தால் அழைக்கவும்’ என்று செல் நம்பர். எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். லேமினேட் செய்யலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

அழைத்தேன். தாம்பரத்தில் இறங்கினவர். பதறிப்போனார். அவர்தான் அவசரத்தில் எங்கள் பையை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். முதலில் எடுத்தது அவர், நான் எண்ணினது சரிதான் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. சின்னவன் ரயிலில் போட்டிருந்த டயபரோடு கனத்துப்போய் நின்றுகொண்டிருந்தான். வீட்டில் ஒன்றுகூட இல்லை. கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மனைவி கட்டைப்பையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சைஸும் அதே சைஸ்.

சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் சந்தித்தோம். என் வயதுதான் இருக்கும், கண்ணில் அதே தூக்கக் கலக்கம். பையை மாற்றிக்கொண்டோம். “ஸாரி சார், தெரியாம எங்க பையன் கடலைமிட்டாய் பாக்கெட் ஒண்ணைப் பிரிச்சுட்டான். இருங்க, அதுக்குக் காசு கொடுத்துடுறேன்” என்று பர்ஸை எடுத்தார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். “என்ன சார் இது, குழந்தைதானே” என்றேன், பெருந்தன்மையாக. நான் எடுத்த இரண்டு டயபரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாக்கெட்டை முன்பு இருந்த மாதிரியே மடித்து செல்லோ டேப் ஒட்டியிருந்தேன்.

ராத்திரி ஒன்பது மணிவாக்கில் அந்த நம்பரிலிருந்து போன் வந்தது. லேமினேட் செய்த காகிதத்தில் டயபருக்கு நேரே எண்ணிக்கை போட்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. நான் எடுக்கவில்லை.